ஒட்டுப்பாலும் இறால் ஓடும்

அப்பா ரப்பர் பால் வெட்டும் கத்தியை வைத்திருக்கிற தகரப் பெட்டிக்குள், மூடி போட்ட ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில், எஃகுப் பிளேட் ஒன்றும் எட்டு ஸ்க்ரூக்களும் நான்கு ஆண்டுகளாக இருக்கின்றன. அவை பதினோரு மாதங்கள் அப்பாவின் வலது காலுக்குள் இருந்தவை. எங்கள் வீடு குழித்துறையிலிருந்து களியக்காவிளைக்குப் போகும் வழியில், கேரள எல்லைக்கு மிக அருகில் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னாலுள்ள சரிவில், மழைக்கால விடியல் ஒன்றில், தலைவிளக்கு வெளிச்சத்தில் மரத்துக்கு மரம் போய்க்கொண்டிருந்த அப்பா வழுக்கி விழுந்து, முழங்காலுக்குக் கீழேயுள்ள பெரிய எலும்பை முறித்துக்கொண்டார். அக்கம்பக்கத்தில் சிலர், வர்மம் அறிந்த ஆசானிடம் கொண்டுபோய் உளுந்து மாவும் முட்டை வெண்கருவும் குழைத்துப் பற்றுப் போட்டால் போதும் என்றார்கள். எலும்பு இரண்டாக விலகியிருந்ததால் மருத்துவமனைக்கே கொண்டுபோனோம். பிளேட் வைத்தார்கள். ஐந்தாம் மாதம், ஆறிப்போன தழும்பின் நடுவில் கடுகளவு துளை ஒன்று திறந்து, அதிலிருந்து நீர்போல் சீழ் கசியத் தொடங்கியது. எலும்பு கூடும்வரை மருந்துகளால் அதை அடக்கி வைத்திருந்து, கூடிய பிறகு பிளேட்டை எடுத்துவிட்டார்கள்.

யாரையும் குறைசொல்ல இதை எழுதவில்லை. நன்றாக நடத்தப்படும் அறுவை அரங்குகளிலும், முழங்கால் மூட்டு மாற்றுச் சிகிச்சையில் நூற்றுக்கு ஒருவர் இருவருக்குக் கிருமித்தொற்று வருகிறது. எலும்பு முறிவில், குறிப்பாகத் தோல் கிழிந்த முறிவில், அது இன்னும் கூடுதல். நான் அப்போது வேதியியலில் ஆய்வு மாணவியாகச் சேர்ந்து, தினமும் குழித்துறையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு ரயிலில் போய் வந்துகொண்டிருந்தேன். எந்தப் பொருளில் ஆய்வு செய்வது என்று முடிவாகாமல் இருந்த எனக்கு அந்த டப்பாதான் தலைப்பைத் தந்தது. உடம்புக்குள் வைக்கும் உலோகப் பொருத்துகளின் மேல் இயற்கைப் பாலிமர்களை, அதாவது உயிர்களிடமிருந்து கிடைக்கும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளை, பூசுவது பற்றி அன்றுமுதல் வேலை செய்கிறேன். உறவினர்கள் கேட்கும்போதெல்லாம் அரைகுறையாகச் சொல்லி முடித்துவிடுகிற விஷயத்தை இங்கே ஒருமுறை முழுதாக எழுதிப் பார்க்கிறேன்.

அந்தப் பிளேட்டை லென்ஸ் வைத்துப் பார்த்தால், அதன் முகம் இன்றைக்கும் கண்ணாடிபோல் மின்னுகிறது. ஆனால் ஸ்க்ரூவின் தலை உட்கார்ந்திருந்த குழிகளின் விளிம்பில் மட்டும் பழுப்பு வளையம் ஒன்று தெரிகிறது. வளையத்துக்குள் ஊசியால் குத்தியது போன்ற சிறு பள்ளங்கள். 316எல் என்று அழைக்கப்படும் இந்த எஃகு துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் அதிலுள்ள குரோமியம் காற்றோடும் நீரோடும் சேர்ந்து உண்டாக்கும் மெல்லிய ஆக்சைடு படலம். அது கீறினால் தானே மீண்டும் மூடிக்கொள்ளும்; ஆனால் மூடிக்கொள்ள ஆக்சிஜன் வேண்டும். ஸ்க்ரூ தலைக்கும் பிளேட்டுக்கும் இடையிலுள்ள மயிரிழை இடுக்கில் உப்பு நீர் தேங்குகிறது, ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது, நடக்கும்போது இரண்டு உலோகங்களும் நுணுக்கமாக உராய்கின்றன. படலம் கிழிந்தது கிழிந்தபடியே நிற்க, அங்கிருந்து இரும்பும் நிக்கலும் குரோமியமும் அணு அணுவாகக் கரைந்து சதைக்குள் போகின்றன. உடம்பு என்பது ஒருவகையில் உவர்நீர்தான். கடலோரத்தில் வீடு கட்டியவர்களுக்கு உவர்க்காற்று இரும்பு ஜன்னலை என்ன செய்யும் என்று தெரியும்.

டைட்டானியம் இதில் எவ்வளவோ மேல். அதன் ஆக்சைடு படலம் மிக உறுதியானது. 1952இல் ஸ்வீடனைச் சேர்ந்த பிரானமார்க், முயலின் எலும்புக்குள் வைத்த டைட்டானியக் கருவியைத் திரும்ப எடுக்க முடியாமல், எலும்பு அதோடு ஒன்றிவிட்டதைக் கண்டார். 1965இல் முதல் நோயாளிக்குப் பல்லுக்குப் பதிலாக டைட்டானியம் வைத்தார். ஆனால் டைட்டானியமும் கிருமியைத் தடுப்பதில்லை. எலும்பு ஒட்ட விரும்புகிற அதே பரப்பில் பாக்டீரியாவும் ஒட்ட விரும்புகிறது. 1987இல் அமெரிக்க எலும்பு மருத்துவர் ஆந்தனி கிரிஸ்டினா இதை ஓர் ஓட்டப்பந்தயமாக விளக்கினார்: பொருத்து உள்ளே போன முதல் சில மணி நேரத்தில், அதன் பரப்பை யார் முதலில் பிடிக்கிறார்கள், உடம்பின் செல்களா, கிருமிகளா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கிருமிகள் முந்திவிட்டால், பசைபோன்ற ஒரு போர்வையைச் சுரந்து அதற்குள் குடியேறிவிடுகின்றன. உலோகத்துக்கு இரத்த ஓட்டம் கிடையாது என்பதால் வெள்ளை அணுக்களும் மருந்தும் அங்கே சரியாகப் போய்ச்சேர்வதில்லை. போய்ச்சேர்ந்தாலும், வெளியே அலையும் கிருமியைக் கொல்லும் அளவைப்போல் நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு மருந்து வேண்டியிருக்கும். அப்பா ஆறு மாதம் மாத்திரை விழுங்கியும் அந்தக் கடுகளவு துளை மூடாததற்கு இதுதான் காரணம்.

இயற்கையானது என்றாலே உடம்புக்கு நல்லது என்று நினைப்பவர்களுக்காக ஒன்றைச் சொல்லவேண்டும். 1957இல் எலக், கோனன் என்ற இருவர் தன்னார்வலர்களின் தோலில் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமியைச் செலுத்திப் பார்த்தார்கள். வெறும் தோலில் சீழ் பிடிக்கப் பத்து லட்சக்கணக்கில் கிருமிகள் தேவைப்பட்டன. அதே இடத்தில் ஒரு தையல் நூல் இருந்தபோது சில நூறு கிருமிகளே போதுமாக இருந்தன. அந்த நூல் பட்டு. பட்டும் இயற்கைப் பாலிமர்தான். ஆகவே, புழுவிலிருந்தோ இறாலிலிருந்தோ வந்தது என்பது மட்டுமே ஒரு பொருளுக்குத் தகுதி ஆகாது. அந்த மூலக்கூறு என்ன மின்னேற்றம் தாங்கியிருக்கிறது, எவ்வளவு நீரை உறிஞ்சுகிறது, எத்தனை நாளில் கரைகிறது, கரைந்து என்னவாகிறது என்பவைதான் கேள்விகள்.

இந்தக் கேள்விகளுக்கு ஓரளவு நல்ல விடை தருவதால்தான் கைட்டோசானை எடுத்துக்கொண்டேன். இறால், நண்டு ஆகியவற்றின் ஓட்டிலும் காளானின் சுவரிலும் இருக்கிற கைட்டினை 1811இல் பிரான்சின் பிராகோனோ முதலில் காளானிலிருந்து பிரித்தார். அதைக் காரத்தில் காய்ச்சினால் கரையக்கூடிய வேறொன்றாக மாறுவதை 1859இல் ரூழே கண்டார்; அதுதான் கைட்டோசான். இன்றைக்கும் செய்முறை ஏறத்தாழ அதுவே: ஓட்டை நீர்த்த அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்பை நீக்குவது, நீர்த்த காரத்தில் புரதத்தை நீக்குவது, பிறகு மிகச் செறிந்த காரத்தில் சூடாக்கி அசிட்டைல் தொகுதிகளைக் கழற்றுவது. கழன்ற இடத்தில் அமீன் தொகுதி வெளிப்படுகிறது. அமிலத் திரவத்தில் அது நேர்மின்னேற்றம் பெறுகிறது. பாக்டீரியாவின் புறச்சுவர் எதிர்மின்னேற்றம் கொண்டது. அதனால் கைட்டோசான் அதைப் பற்றிக்கொண்டு சுவரைக் குலைக்கிறது. நம் கண்ணீரிலும் இரத்தத்திலும் உள்ள லைசோசைம் என்ற நொதி மெல்ல மெல்ல அதை அறுத்துச் சர்க்கரைத் துண்டுகளாக்கிவிடும். செயற்கைப் பாலிமரான பாலிலாக்டிக் அமிலம் உடம்பில் கரையும்போது சுற்றுப்புறத்தைப் புளிக்கச் செய்கிறது; கைட்டோசானுக்கு அந்தத் தொல்லை இல்லை. இரத்தம் உறையச் செய்யும் கட்டுத்துணிகளில் அது ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது.

எனக்கு இதில் ஊர் சார்ந்த ஓர் ஈர்ப்பும் உண்டு என்பதை மறைக்கவில்லை. எங்கள் வீட்டிலிருந்து தெற்கே ஒரு மணி நேரத்தில் மணவாளக்குறிச்சி. அங்கே கடற்கரை மணல் கறுப்பாக இருப்பதற்கு அதிலுள்ள இல்மனைட் காரணம், இல்மனைட் என்றால் இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனும் சேர்ந்த கனிமம். இங்கிருந்து ஜெர்மனிக்குப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1909இல் இந்தக் கரையின் கனிமங்களைத் தேடி வந்தார். வடக்கே கொல்லத்தைத் தாண்டினால் சவறை. அங்கே அதே வகை மணலிலிருந்து டைட்டானியம் ஸ்பாஞ்ச், அதாவது துளைகள் நிறைந்த மூல உலோகக் கட்டி, எடுக்கும் நாட்டின் முதல் ஆலை, ஆண்டுக்கு 500 டன் திறனோடு, விண்வெளித் துறையின் தேவையை முன்னிறுத்தி 2011இல் தொடங்கப்பட்டது. சவறைக்கு அருகிலேயே நீண்டகரை, சக்திகுளங்கரைத் துறைமுகங்கள். மழைக்காலத் தடை முடிந்து படகுகள் திரும்பியதும் கரிக்காடி இறால் மலைபோல் குவிகிற இடம். நம் மருத்துவமனைகளில் வைக்கப்படும் டைட்டானியம் இந்த மணலிலிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை. மணல் அள்ளுவது குறித்து எங்கள் கடற்கரை மக்களுக்குள்ள அச்சங்களும் தனியே எழுதவேண்டியவை. ஆனால் உலோகத்தின் மூலமும் உறையின் மூலமும் ஒரே கடற்கரையில் அருகருகே கிடக்கின்றன என்பது எனக்குச் சாதாரணமாகத் தோன்றவில்லை. இறாலை உரித்தால் ஏறக்குறைய பாதி எடை தலையும் ஓடுமாகக் கழிவாகப் போகிறது. அதிலிருந்து கைட்டின் எடுக்கும் முறையைக் கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நெடுங்காலத்துக்கு முன்பே வகுத்துத் தந்தது. உடம்புக்குள் வைக்கும் கருவியை இங்கேயே செய்ய முடியும் என்பதற்கும் தொலைவில் போய்ச் சான்று தேடவேண்டியதில்லை: 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்ட சித்ரா இதய வால்வு திருவனந்தபுரத்தில் உருவானது.

இனி பூசும் வேலைக்கு வருகிறேன். அரை விழுக்காடு கைட்டோசானை நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் போட்டு இரவு முழுதும் கலக்கினால், காலையில் மெல்லிய பாகு போன்ற, வினிகர் மணக்கிற திரவம் கிடைக்கும். அதில் டைட்டானியத் துண்டை எதிர்மின் முனையாகத் தொங்கவிட்டு 10 வோல்ட் கொடுப்போம். உலோகத்தின் மேல் நுண்குமிழ்கள் அரும்பும். நீர் பிளந்து ஹைட்ரஜன் வெளியேறுவதால் உலோகத்தை ஒட்டிய மிக மெல்லிய அடுக்கில் மட்டும் திரவம் காரத்தன்மை அடையும். அங்கே வந்து சேர்ந்த கைட்டோசான் மின்னேற்றத்தை இழந்து, கரைந்திருக்க முடியாமல், அப்படியே படலமாகப் படிந்துவிடும். சில நிமிடங்களில் எடுத்துப் பார்த்தால் உலோகத்தின் மேல் ஈரமான பாலாடை போர்த்தியது போல் இருக்கும்.

இதை அப்பாவுக்கு விளக்குவது எளிதாக இருந்தது. ரப்பர் பாலில் மிதக்கும் துகள்கள் எதிர்மின்னேற்றத்தால் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு திரவமாக நிற்கின்றன. அமிலம் விட்டதும் அந்த ஏற்றம் தணிந்து பால் உறைந்து ஷீட்டாகிறது. கைட்டோசான் இதற்கு நேர் மாறு: அமிலத்தில் கரைகிறது, காரத்தில் உறைகிறது. வாழ்நாள் முழுதும் பாலை உறையவைத்தவருக்கு அதற்குமேல் சொல்லவேண்டியிருக்கவில்லை.

சிக்கல் உலரும்போது தொடங்கியது. படலம் உலர்ந்ததும் சுருங்கும். சுருங்கும்போது விளிம்புகள் காய்ந்த வாழைச்சருகுபோல் மேலே சுருண்டன. சுருளாத துண்டுகளை உடல்திரவத்துக்கு ஒப்பான உப்புக் கரைசலில், உடல் வெப்பத்தில், போட்டு வைத்தோம். மூன்றாம் நாள் படலம் நீரை உறிஞ்சிப் பருத்து, கிண்ணத்தை அசைத்தபோது முழுதாக வழுகிக் கழன்று மிதந்தது. கிருமிச் சோதனையில் அதே படலம் நன்றாகவே தேறியிருந்தது. இந்தத் துறையின் கட்டுரைகள் பலவற்றைப் படித்தபின் எனக்குள்ள முறையீடு இதுதான்: கிருமி எவ்வளவு செத்தது என்று பக்கம் பக்கமாக எழுதுகிறோம், படலம் உலோகத்தை எவ்வளவு பிடித்துக்கொண்டது என்பதை ஒரு பத்தியில் கடந்துவிடுகிறோம். எலும்பிலுள்ள கனிமத்தை ஒத்த ஹைட்ராக்சிஅபடைட்டைப் பிளாஸ்மா முறையில் தெளித்துச் செய்யும் பூச்சு குறைந்தது 15 மெகாபாஸ்கல் இழுவிசையைத் தாங்கவேண்டும் என்று சர்வதேசத் தரம் இருக்கிறது. நாங்கள் செய்கிற மென்படலங்கள் அந்த அளவுக்கு அருகில்கூட வருவதில்லை. அது அந்த அளவுக்கு வரவேண்டியதில்லை என்று வாதிடலாம், ஏனென்றால் இதன் வேலை சில வாரங்களில் முடிந்துவிடுகிறது. ஆனால் அந்தச் சில வாரங்களாவது அது இடத்தில் இருந்தாகவேண்டும்.

தட்டையான துண்டில் இழுத்துப் பார்ப்பதும் போதாது என்று தோன்றியதால், களியக்காவிளைச் சந்தையில் மாட்டுத் தொடை எலும்பு வாங்கி, சதை நீக்கி, துளையிட்டு, பூசிய ஸ்க்ரூவை அறுவை அரங்கில் செய்வதுபோலவே முறுக்கி இறக்கினேன். ஒவ்வொரு சுற்றுக்கும் எலும்புத்தூளோடு சேர்ந்து வெளிர்மஞ்சள் நிறத்தில் ஏதோ துளையின் வாயில் திரண்டு வந்தது. எலும்பை நீளவாக்கில் அறுத்து ஸ்க்ரூவை வெளியே எடுத்துப் பார்த்தபோது, மரையின் முகடுகளில் படலம் சுத்தமாக வழிக்கப்பட்டு உலோகம் பளபளத்தது. இரவெல்லாம் விழித்துச் செய்த பூச்சு எலும்பின் வாசலிலேயே சீவி எறியப்பட்டிருந்தது.

ஈரத்தில் ஒட்டுவது எப்படி என்பதற்கு எங்கள் கடற்கரையில் விடை தெரிந்த ஓர் உயிர் இருக்கிறது. விழிஞ்ஞத்திலிருந்து கடியப்பட்டணம் வரை பாறைகளில் சிப்பி பறிக்க முங்குகிறவர்கள் கையால் பிடுங்குவதில்லை, கம்பியால் நெம்பித்தான் எடுக்கிறார்கள். அலை நாள் முழுதும் அடித்தும் சிப்பி அசையாது. கறிக்கு ஆயும்போது நாம் இழுத்து எறிகிற அந்தத் தாடி நாரின் நுனியிலுள்ள புரதத்தில் டோபா என்ற அமினோ அமிலம் மிகுதியாக இருப்பதை 1981இல் ஹெர்பர்ட் வைட்டும் அவரது சகாவும் கண்டறிந்தார்கள். நீரை விலக்கிவிட்டு உலோக ஆக்சைடை நேரே பற்றும் திறன் அதற்கு உண்டு. 2007இல் மெஸ்ஸர்ஸ்மித் குழுவினர், டோபாவின் நெருங்கிய உறவான டோபமீனை லேசான காரக் கரைசலில் விட்டால் அதுவே பழுப்புக் கறுப்பான மெல்லிய படலமாகி, நனைத்த எந்தப் பொருளிலும் ஒட்டிக்கொள்கிறது என்று காட்டினார்கள். நான் இப்போது ஸ்க்ரூவை முதலில் அந்தக் கரைசலில் ஒரு நாள் வைத்து, தேநீர்க் கறைபோல் நிறம் ஏறியபின், அதன்மேல் கைட்டோசானைப் படியவைக்கிறேன். உப்புக் கரைசலில் மூன்றாம் நாள் கழன்ற படலம் இப்போது நான்காம் வாரமும் நிற்கிறது. எலும்பில் முறுக்கிப் பார்த்ததில் முகடுகளில் இன்னமும் கிழிகிறது, ஆனால் மரையின் பள்ளங்களில் கிழியாமல் இருக்கிறது.

இதோடு வேறு தொல்லைகளும் உண்டு. ஒரு பருவத்து இறாலின் ஓட்டில் கிடைத்த கைட்டோசானும் அடுத்த பருவத்தில் கிடைத்ததும் ஒன்றல்ல: மூலக்கூற்றின் நீளமும் கழன்ற அசிட்டைலின் விகிதமும் மாறுகின்றன, அவை மாறினால் படலத்தின் பருமனும் கரையும் வேகமும் மாறுகின்றன. கிருமி நீக்கக் காமா கதிர் பாய்ச்சினால் சங்கிலி அறுந்து சிறுக்கிறது. நீராவியில் வேகவைத்தால் படலத்தின் தன்மை மாறுகிறது. நேர்மின்னேற்றம் கொண்டது என்பதால் பாக்டீரியாவின் நச்சு மிச்சங்களையும் அது விடாமல் பற்றிக்கொள்கிறது. மருத்துவத் தரத்துக்கு அவற்றைக் கழுவி எடுப்பது ஓட்டைக் காய்ச்சுவதைவிடக் கடினமான, செலவு மிகுந்த வேலை. இறால் ஒவ்வாமை உள்ளவர்களுக்குப் புரதம் மிச்சமில்லாத கைட்டோசான் வேண்டும். அதற்காகக் காளானிலிருந்து எடுப்பவர்களும் இருக்கிறார்கள். எங்கள் கடற்கரைக் கழிவு நாளைக்கே மருந்தாகிவிடும் என்று செய்தித்தாள்களில் வரும்போது எனக்குக் கவலை வருவதும் இதனால்தான். கொட்டகையின் பின்புறம் நாறிக்கொண்டிருக்கிற ஓட்டுக்கும் அறுவை அரங்குக்கும் இடையில் பல ஆண்டு வேலை இருக்கிறது, அந்த வேலையை யாராவது பொறுமையாகச் செய்யவேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை, கிழிந்த ஸ்க்ரூ ஒன்றை வீட்டுக்கு எடுத்துவந்து அப்பாவிடம் லென்ஸோடு கொடுத்தேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி வெகுநேரம் பார்த்துவிட்டு, ஒட்டுப்பாலைப் பற்றிப் பேசத் தொடங்கினார். பால் வெட்டிய கோட்டில், ஓட்டம் நின்றபின் தங்குகிற கடைசிப் பால் அங்கேயே காய்ந்து, காயத்தை மூடி நிற்கும். அதற்குத்தான் எங்கள் பக்கத்தில் ஒட்டுப்பால் என்று பெயர். மறுமுறை வெட்ட வருகிறவர் முதலில் அதை நுனியில் நகத்தால் கிள்ளி ஒரே நாடாவாக உரித்தெடுப்பார். பட்டையின் மேல்பரப்பில் வழிந்த பால் காற்றிலும் மழையிலும் தானே உதிர்ந்துபோகும், வெட்டுக்கோட்டின் பள்ளத்தில் காய்ந்தது மட்டும் உரிக்கும்வரை போகாது என்றார்.

“முகட்டுல நிக்காதுன்னு தெரிஞ்சாச்சு. அப்போ பள்ளத்துல மட்டும் பூசினா போராதா மக்களே?”

மரையின் முகடுதான் எலும்பை வெட்டிக்கொண்டு போகிறது. எலும்பு நெருக்கமாக அழுந்துகிற அந்த இடத்தில் கிருமி தங்க வெற்றிடம் குறைவு. பள்ளத்தில்தான் இரத்தமும் எலும்புத்தூளும் தேங்குகின்றன. முகடுகளை மின்சாரம் கடத்தாத காப்புப் பூச்சால் மூடிவிட்டு மின்னோட்டம் கொடுத்தால் படலம் பள்ளத்தில் மட்டும் படியும். பிறகு காப்புப் பூச்சைக் கரைத்து எடுத்துவிடலாம். கைட்டோசானைத் தொடாமல் காப்புப் பூச்சை மட்டும் கரைக்கும் திரவத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன். சந்தையில் எலும்புக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.